பச்சிளம் குழந்தைக்குத் தொற்று வந்தால் ஏன் இவ்வளவு அவசரம்?

கேட்டதைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். தங்கை மகன், பிறந்து பத்து நாள். காலையில் நன்றாகப் பால் குடித்தவன் மதியம் மார்பைப் பிடிக்கவே இல்லை, சாயங்காலம் துவண்டுவிட்டான், உடம்பு சுடக்கூட இல்லை. ராத்திரி ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் கிருமி பரவியிருக்கிறது என்று சொல்லித் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். தாயிடமிருந்து எதிர்ப்பு சக்தி குழந்தைக்கு வந்துவிடும் என்பார்களே, அப்புறம் ஏன் இப்படி, நாங்கள் என்ன தப்பு செய்தோம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் பச்சிளம் குழந்தைகள் வார்டில் அம்மாக்கள் கேட்பதும் அதைத்தான். பெரும்பாலும் வீட்டில் யாரும் எந்தத் தப்பும் செய்திருக்க மாட்டார்கள். அதே கிருமி உங்கள் தோலிலோ குடலிலோ வருஷக்கணக்கில் இருந்திருக்கும், உங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. குழந்தைக்கு மட்டும் அது ரத்தத்துக்குள் போய்ப் பெருகுகிறது என்றால், அந்த முதல் சில வாரங்களில் அதன் உடம்பு இருக்கும் நிலைதான் காரணம்.

"எதிர்ப்பு சக்தி இன்னும் வளரலைங்க" என்று டாக்டர்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். சொன்னது சரிதான், ஆனால் அதில் பாதி விஷயம் விட்டுப்போகிறது. அந்த உடம்பு ஒன்பது மாதமும் சண்டை போடாமல் இருக்கவே பழகியிருக்கிறது. வெளியே வந்ததும் தாயின் ரத்தத்திலிருந்து வாங்கிக்கொண்டது, தாயின் பால், தாயின் தோலில் வாழும் கிருமிகள், இவை எல்லாம் பக்கத்திலேயே இருக்கும் என்ற கணக்கில்தான் அது பிறக்கிறது. அந்தக் கணக்கு எங்கெல்லாம் தப்புகிறதோ அங்கெல்லாம் பாக்டீரியாவுக்கு வழி கிடைக்கிறது. குறைமாதத்தில் பிறப்பது, தாயிடமிருந்து பிரிந்து இருப்பது, தாய்க்கே பழக்கமில்லாத ஆஸ்பத்திரிக் கிருமி உடம்பில் ஏறுவது, இவை மூன்றும்தான் நான் பார்த்தவரை திரும்பத் திரும்ப வருகிற கதை.

சண்டை போடாமல் இருப்பது ஏன் தேவைப்பட்டது? குழந்தையின் மரபணுவில் பாதி அப்பாவுடையது, அதாவது தாயின் உடம்புக்கு அது பாதி அந்நியம். கிட்னி மாற்றி வைத்தால் ஒத்துக்கொள்ளாத உடம்பு, இந்தப் பாதி அந்நியத்தை எப்படி ஒன்பது மாதம் ஒத்துக்கொள்கிறது என்று எதிர்ப்பு சக்தியை ஆராய்ந்த விஞ்ஞானி பீட்டர் மெடவார் 1953லேயே கேட்டார். இதற்கு மறுபக்கமும் உண்டு. தாயின் அணுக்களும் நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குள் போகின்றன. கருவின் நிணநீர்க் கணுக்களில் தாயின் அணுக்கள் இருப்பதையும், அவற்றுக்கு எதிரான சண்டையை அடக்கி வைக்கும் ஒருவகை டி அணுக்களை (இவையும் வெள்ளையணுக்கள்தான்) கரு நிறைய உருவாக்குவதையும் 2008இல் காட்டினார்கள். அங்கே கரு முரண்டு பிடித்துச் சண்டை தொடங்கினால் கருப்பைக்குள் அழற்சி வரும், அழற்சி வந்தால் குறைப்பிரசவம். அதனால் அமைதியாக இருப்பதுதான் உள்ளே இருக்கும்வரை உயிர் காக்கும் குணம். பிறந்த நிமிஷத்தில் அது மாறிவிடுவதில்லை, வாரக்கணக்கில் ஆகிறது.

நடைமுறையில் இது எப்படித் தெரிகிறது என்றால், பாக்டீரியாவை அடையாளம் காணும் உணர்விகள் பிறக்கும்போதே வெள்ளையணுக்களின் மேல் இருக்கின்றன, எண்ணிக்கையிலும் பெரிய குறை இல்லை. ஆனால் கிருமியைக் கண்டபிறகு பெரியவர்களின் அணு சுரக்கும் டிஎன்எஃப், இன்டர்லூகின் 12 போன்ற தூண்டும் பொருட்களைப் பச்சிளம் குழந்தையின் அணு குறைவாகத்தான் சுரக்கிறது, அமைதிப்படுத்தும் இன்டர்லூகின் 10 மாதிரியானவை தாராளமாக வருகின்றன. தொப்புள்கொடி ரத்தத்தில் அடினோசின் அதிகமாக இருப்பதும் இந்த அடக்கத்துக்கு ஒரு காரணம். இதற்கும் நியாயம் இருக்கிறது. பிறந்த ஒரு சில நாட்களில் தோல், வாய், குடல் எல்லாம் கோடிக்கணக்கான பாக்டீரியா குடியேறுகின்றன, அவற்றில் மிகப் பெரும்பாலானவை நமக்கு வேண்டியவை. வந்த ஒவ்வொன்றையும் எதிர்த்தால் குடலே புண்ணாகிவிடும். ஆக நல்லதை உள்ளே விடுவதற்காகத் திறந்து வைத்த வாசலில்தான் கெட்டதும் நுழைகிறது.

இப்போது நியூட்ரோபில் விஷயத்துக்கு வருகிறேன். பாக்டீரியாவை விழுங்கிக் கொல்வதில் முதல் ஆள் இந்த வெள்ளையணுதான். பெரியவர்களுக்குத் தொற்று வந்தால் எலும்பு மஜ்ஜையில் சேமித்து வைத்திருக்கும் நியூட்ரோபில் ரத்தத்துக்குள் கொட்டும், அதனால்தான் ரத்தப் பரிசோதனையில் "கவுன்ட் ஏறியிருக்கு" என்கிறோம். பச்சிளம் குழந்தையிடம் அந்தச் சேமிப்பு மிகக் கொஞ்சம். கடுமையான தொற்றில் சில மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும், மஜ்ஜையும் வேகமாகப் புதிதாகச் செய்ய முடியாமல் திணறும். அதனால் இந்த வயதில் கவுன்ட் ஏறுவதைவிட இறங்குவதுதான் எங்களைப் பயமுறுத்தும். பெற்றோர் ரிப்போர்ட்டைப் பார்த்து "கவுன்ட் கம்மியாத்தானே இருக்கு, அப்ப நல்லதுதானே" என்று கேட்கும்போது அதை விளக்குவது கஷ்டமாக இருக்கும்.

இருக்கிற நியூட்ரோபில்களும் பெரியவர்களுடையது மாதிரி ஓடுவதில்லை. ரத்தக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு, சுவரைத் தாண்டி, கிருமி இருக்கும் இடத்துக்கு ஊர்ந்து போகவேண்டும். ஒட்டுவதற்குத் தேவையான புரதங்கள் அவற்றின் மேல் குறைவு, ஊர்வதும் மெதுவாகத்தான். பெரியவர்களின் நியூட்ரோபில் சாகும்போதுகூடத் தன் டிஎன்ஏவை வலைபோல வீசிக் கிருமியைச் சிக்கவைக்கும். பிறந்த குழந்தையின் அணு முதல் சில நாட்களுக்கு அந்த வலையைச் சரியாக விரிப்பதில்லை என்று 2009இல் வந்த ஆய்வு காட்டியது. இதனால் கிருமி ஒரு இடத்தில் சீழ் கட்டி அடங்குவது குறைவு, நேராக ரத்தத்தில் பரவிவிடுகிறது. குடலில் வாழும் ஈகோலை மாதிரியான பாக்டீரியா சாதகமான சூழலில் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டாகும் என்பதையும் சேர்த்து யோசித்தால், காலையில் பால் குடித்த பிள்ளை ராத்திரி ஐசியுவில் இருப்பது எப்படி என்று புரியும்.

காம்ப்ளிமென்ட் என்று ரத்தத்தில் ஒரு புரதக் கூட்டம் இருக்கிறது. கிருமியின் மேல் ஒட்டி விழுங்குவதற்கு எளிதாக்கும், சிலவகைக் கிருமிகளின் உறையில் ஓட்டையே போடும். தாயிடமிருந்து இது நஞ்சுக்கொடியைத் தாண்டி வராது. குழந்தை தானாகச் செய்துகொள்ள வேண்டும், பிறக்கும்போது பெரியவர்களின் அளவில் பாதியிலிருந்து முக்கால்வாசி வரைதான் இருக்கும். ஓட்டை போடும் கடைசிப் புரதமான சி9 இன்னும் மோசம், ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஈகோலை போன்ற, கிராம் நெகட்டிவ் என்று அழைக்கப்படும் வகைக் கிருமிகளைக் கொல்ல இதுதான் முக்கியம் என்பதால் அந்த வகைக் கிருமிகள் பச்சிளம் குழந்தைகளிடம் ஆட்டம் போடுகின்றன.

சரி, தாய் கொடுத்த எதிர்ப்பு சக்தி என்ன ஆயிற்று? அது உண்மையிலேயே வருகிறது. கிருமியை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் புரதம்தான் ஆன்டிபாடி. அதில் ஐஜிஜி என்ற வகையை நஞ்சுக்கொடி தானே முனைந்து தாயின் ரத்தத்திலிருந்து இழுத்துக் குழந்தைக்குள் ஏற்றுகிறது, நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் ரத்தத்தில் தாயைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும். ஆனால் இது தாய் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு மாதிரி. தாயின் வீட்டில் என்ன இருந்ததோ அதுதான் அதில் இருக்கும், சில மாதத்தில் தீர்ந்தும்போகும். பாதி அளவு குறைய ஏறக்குறைய மூன்று வாரம் என்பதால் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் குழந்தையின் ஐஜிஜி அடிமட்டத்துக்கு வந்துவிடும், அதற்குள் அது சொந்தமாகச் செய்யத் தொடங்கியிருக்கும். ஏற்றுமதியில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில்தான் நடக்கிறது. இருபத்தெட்டு வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அந்தப் பகுதி கிடைக்கவே கிடைக்காது. குறைமாதக் குழந்தைக்கு எடை மட்டும்தான் குறைவு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

தாயிடம் எது இருந்ததோ அதுதான் வரும் என்றேனே, அதற்கு மிகச் சிறந்த சாட்சி பி வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ். 1970களில் அமெரிக்காவில் இந்தக் கிருமி பிறந்த குழந்தைகளைக் கொன்று குவித்தது, தொற்று வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்தார்கள். விசித்திரம் என்னவென்றால் கிருமி நிறையத் தாய்மார்களின் பிறப்புவழியில் இருந்தது, அவர்களின் குழந்தைகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டு மட்டும்தான் நோயில் விழுந்தன. ஏன் இந்தக் குழந்தை, ஏன் அந்தக் குழந்தை இல்லை? கேரல் பேக்கர், டென்னிஸ் காஸ்பர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1976இல் பதில் சொன்னார்கள்: நோய் வந்த குழந்தைகளின் தாய்மார்களுக்கு அந்தக் கிருமியின் மேலுறைக்கு எதிரான ஆன்டிபாடி இல்லை. கிருமி இருப்பவளிடமே ஆன்டிபாடி இல்லையென்றால் குழந்தைக்குக் கிருமி மட்டும் போய்ச் சேர்கிறது. அங்கே பிறகு கர்ப்பிணிகளைப் பரிசோதித்துப் பிரசவ நேரத்தில் பெனிசிலின் கொடுக்கத் தொடங்கியதும், முதல் வாரத்தில் வரும் இந்த நோய் 1990களின் தொடக்கத்தில் ஆயிரம் பிறப்புக்கு 1.8 என்றிருந்தது கால்பங்குக்கும் கீழே இறங்கியது.

ஐஜிஎம் வகை ஆன்டிபாடி நஞ்சுக்கொடியைத் தாண்டாது. குடலில் வாழும் கிராம் நெகட்டிவ் கிருமிகளுக்கு எதிராகத் தாய் வைத்திருப்பதில் பெரும்பகுதி அந்த வகைதான், ஆக அங்கேயும் ஒரு ஓட்டை. அப்புறம் சர்க்கரை உறை. சில பாக்டீரியா தங்களைச் சுற்றி சர்க்கரைச் சங்கிலியாலான உறை போட்டுக்கொள்கின்றன, இரண்டு வயதுக்குக் கீழே ஆன்டிபாடி செய்யும் நம் பி அணுக்கள் அந்த உறைக்கு எதிராக ஆன்டிபாடி செய்யவே தடுமாறும். குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் கொண்டுவரும் ஈகோலை பெரும்பாலும் கே1 என்ற உறை போட்டது, அந்த உறையின் வேதிப்பொருள் நம் நரம்பணுக்களின் மேலேயே இருப்பதுதான், அதனால் பெரியவர்களின் உடம்புகூட அதை அந்நியமாகப் பார்க்கத் தயங்கும். சின்னக் குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் கொண்டுவரும் இன்னொரு உறை போட்ட கிருமியான ஹிப்புக்கு 1985இல் அமெரிக்காவில் வந்த முதல் தடுப்பூசி வெறும் சர்க்கரை உறையால் செய்தது, அது யாருக்கு அதிகம் தேவையோ அந்தச் சின்னக் குழந்தைகளிடம் வேலை செய்யவில்லை. உறையைப் புரதத்தோடு இணைத்தபிறகுதான் கைக்குழந்தையின் உடம்பு கற்றுக்கொண்டது. இன்று ஆறு, பத்து, பதினான்கு வாரத்தில் போடும் பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பூசியில் இருப்பது அந்த இணைத்த வகை. 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான் இந்தியாவில் முதலில் தொடங்கினார்கள். ஏன் மூன்று முறை குத்துகிறார்கள் என்று கேட்பவர்களுக்கும் பதில் இதுதான், அந்த வயதில் ஒரு தடவை காட்டினால் நினைவில் நிற்பதில்லை.

உள்ளே இவ்வளவு என்றால் வெளிச்சுவரும் மெல்லியதுதான். குறைமாதக் குழந்தையின் தோல் கிட்டத்தட்டக் கண்ணாடி, பிளாஸ்டர் பிய்த்தாலே உரிந்துவிடும். பிறக்கும்போது உடம்பில் இருக்கும் வெண்ணெய் மாதிரியான பூச்சை அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துக் கழுவுவார்கள். அதில் கிருமி கொல்லும் புரதங்கள் இருக்கின்றன, விட்டுவிடுங்கள், முதல் 24 மணி நேரம் குளிப்பாட்டவே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தொப்புள்கொடி வெட்டிய இடம் நேராக ரத்தக்குழாய்க்குப் போகும் திறந்த வாசல். மஞ்சள், சாம்பல், பவுடர், எண்ணெய் எதுவும் வைக்காமல் காயவிடுவதுதான் மருத்துவம். சேனை வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது, தேன், கழுதைப்பால், இதெல்லாம் அன்பாகத்தான் செய்கிறார்கள், எனக்குத் தெரியும், பாட்டியோடு சண்டை போடச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குழந்தையின் வயிற்றில் அமிலம் குறைவு, குடல் சுவர் இன்னும் இறுகவில்லை, விரலில் இருப்பது அப்படியே உள்ளே போகும். தெளிவாக மறுத்துவிடுங்கள்.

இந்தியாவின் நிலைமை தனியாகச் சொல்லவேண்டியது. மேற்கத்தியப் புத்தகத்தில் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் முதலிடத்தில் இருக்கும். டெல்லியில் மூன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் 2011 முதல் 2014 வரை 13,530 பச்சிளம் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில் முன்னால் நின்றவை அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈகோலை. அசினெட்டோபாக்டரில் ஐந்தில் நான்குக்கும், கிளெப்சியெல்லாவில் பாதிக்கும் மேல் பல மருந்துகளுக்கும் அடங்காதவை. தொற்றுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு முதல் 72 மணி நேரத்திலேயே வந்துவிட்டன. வழக்கமாக அந்த நேரத்தில் வருவது தாயிடமிருந்து வந்த கிருமி என்று பாடம் படித்திருக்கிறோம், இங்கே பிரசவ அறையிலிருந்தும் வார்டிலிருந்தும் பிடித்துக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். ஆஸ்பத்திரிக் கிருமியைத் தாய் வாழ்க்கையில் சந்தித்திருக்கவே மாட்டாள், கட்டுச்சோற்றில் அதற்கு எதிரானது எங்கிருந்து வரும்? என்ஐசியு (பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு) வாசலில் நர்ஸ் கையைக் கழுவுங்கள் என்று கடுகடுப்பாகச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள், டாக்டரும் கழுவினாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள், கழுவாவிட்டால் கேளுங்கள். அந்தக் கேள்வியில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

"அப்படியானால் ஆன்டிபாடியை ஊசியாக ஏற்றிவிடலாமே" என்று பலர் கேட்கிறார்கள், பணம் எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை என்கிறார்கள். செய்து பார்த்துவிட்டார்கள். ஒன்பது நாடுகளில் 3,493 குழந்தைகளிடம் நடந்த சோதனை 2011இல் வெளிவந்தது. தொற்று வந்த குழந்தைகளுக்கு ஐஜிஜி ஏற்றியதில் இறப்போ பெரிய ஊனமோ துளியும் குறையவில்லை, ஊசி போட்டவர்கள், போடாதவர்கள் இரண்டு பக்கமும் நூற்றுக்கு 39. காரணம் மேலே சொன்னதுதான், ஆயிரக்கணக்கான பெரியவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த பொதுவான ஆன்டிபாடியில் இந்தக் கிருமிக்கு உரியது போதுமான அளவு இருக்கும் என்று நிச்சயம் இல்லை, இருந்தாலும் அதைப் பயன்படுத்த நியூட்ரோபிலும் காம்ப்ளிமென்ட்டும் வேண்டும். மஜ்ஜையைத் தூண்டி நியூட்ரோபிலைக் கூட்டும் மருந்தும் எண்ணிக்கையைக் கூட்டியதே தவிர உயிரைக் காப்பாற்றியதாகத் தெரியவில்லை. யாராவது விலை உயர்ந்த இம்யூனோகுளோபுலின் ஊசி வாங்கிவரச் சொன்னால் என்ன காரணத்துக்கு என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை செய்தது எது என்று பார்த்தால் எல்லாமே குழந்தையைத் தாயோடு சேர்த்து வைப்பதுதான். சீம்பாலில் இருக்கும் ஐஜிஏ வகை ஆன்டிபாடி, தாயின் குடலில் இருக்கும் கிருமிகளுக்கு எதிராகவே செய்யப்பட்டது, குழந்தையின் குடலைப் பூசிவிடும். பாலில் குழந்தையே செரிக்க முடியாத சர்க்கரைகள் உண்டு, அவை பிஃபிடோ என்ற நல்ல பாக்டீரியாவுக்கு உணவு. மும்பை சயன் ஆஸ்பத்திரியில் அர்மிடா ஃபெர்னாண்டஸ் 1989இலேயே தாய்ப்பால் வங்கி தொடங்கியது எவ்வளவு தூரம் யோசித்துச் செய்த காரியம் என்று நான் அடிக்கடி நினைப்பேன். தோலோடு தோல் சேர்த்து மார்பில் வைத்துக்கொள்ளும் கங்காரு முறையைப் பிறந்தவுடனேயே தொடங்கிப் பார்த்த ஐந்து நாட்டுச் சோதனையில், 1 முதல் 1.8 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளின் இறப்பு நூற்றுக்கு 15.7 என்பதிலிருந்து 12 ஆகக் குறைந்தது, சந்தேகப்பட்ட தொற்றுகளும் குறைந்தன. ஒடிசா கிராமங்களில் 4,556 குழந்தைகளுக்கு லாக்டோபாசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாவில் ஒருவகையும் அதற்குத் தீனியான சர்க்கரையும் முதல் வாரத்தில் வாய்வழியே கொடுத்ததில், தொற்றையும் இறப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் 40 சதவீதம் குறைந்தது, 2017இல் வெளிவந்தது. ஆனால் அது நல்ல எடையோடு பிறந்து தாய்ப்பால் குடித்த குழந்தைகளிடம் நடந்தது, மருந்துக்கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு பாக்கெட்டை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

கடைசியாக, காய்ச்சலே இல்லையே என்றீர்கள். தூண்டும் பொருட்களைக் குறைவாகச் சுரக்கும் உடம்பு காய்ச்சலையும் சரியாக எழுப்பாது, பல குழந்தைகளுக்கு உடம்பு சில்லிட்டுப் போவதுதான் அடையாளம். மூளைக்காய்ச்சல் வந்தாலும் கழுத்து விறைக்காது, மண்டை ஓட்டின் பொருத்துகள் இன்னும் திறந்திருப்பதும் ஒரு காரணம். உச்சிக்குழி புடைப்பதும் தாமதமாகத்தான். ஆகவே முதுகில் நீர் எடுக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னால் மறுக்காதீர்கள், வேறு வழியில் தெரிந்துகொள்ள முடியாது. வீட்டில் பார்க்கவேண்டியது: பால் குடிப்பது நின்றுபோவது, தொட்டால் மட்டும் அசைவது, வலிப்பு, நிமிஷத்துக்கு 60 மூச்சு அல்லது அதற்கு மேல், விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்ளே இழுப்பது, 37.5 டிகிரி அல்லது அதற்கு மேல் சூடு, 35.5க்குக் கீழே குளிர்ச்சி. இதில் ஒன்று இருந்தாலே போதும், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் தங்கை அன்று ராத்திரியே கிளம்பியது சரியான முடிவு.

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஆன்டிபயாடிக், பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) ரிசல்ட் வருவதற்கு முன்பே தொடங்கியதாக இருக்கும், இந்த வயதில் அப்படித்தான் செய்யவேண்டும். 36 முதல் 48 மணி நேரத்தில் கல்ச்சர் நிலவரம் தெரியும். என்ன கிருமி, எந்த மருந்துக்கு அடங்குகிறது, எத்தனை நாள் தொடரவேண்டும் என்று அப்போது கேளுங்கள். கிருமி வளரவில்லை, குழந்தையும் தெளிந்துவிட்டது என்றால் மருந்தை நிறுத்தலாமா என்றும் கேளுங்கள், தேவையில்லாமல் நீளும் ஆன்டிபயாடிக் குடலில் குடியேறிய நல்ல கிருமிகளைத்தான் முதலில் அழிக்கும். உள்ளே விட அனுமதித்தால் தங்கையைப் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள், அனுமதிக்காவிட்டால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலைப் பீய்ச்சிக் கொடுத்துவிடட்டும், அதை ட்யூப் வழியாகவாவது கொடுப்பார்கள்.